சர்க்கரை நோயுள்ள பூனைகளுக்கு ஊசி பழகிய வீடுகளில் இடம் கேளுங்கள்: மீட்புத் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கைவிடப்பட்ட பூனைகளையும் நாய்களையும் மீட்டு, மருத்துவம் பார்த்து, வீடு தேடிக் கொடுக்கும் தன்னார்வலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலரின் உழைப்பை அருகிலிருந்து பார்த்தவள் நான். நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்த நாயை நள்ளிரவில் ஆட்டோ பிடித்துத் தூக்கிச் சென்றவர்களும், தீபாவளி போனஸில் பாதியைத் தெருப் பூனைகளின் கருத்தடைக்குக் கொடுத்தவர்களும் உங்களிடையே இருக்கிறார்கள். அந்த உழைப்பின் மீதுள்ள மதிப்பினால்தான் இந்த வேண்டுகோளை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மீட்கப்பட்ட பூனைக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்ததும், அதைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள வீடு கேட்கும் முயற்சியே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நாள்தோறும் இரண்டு ஊசி போட வேண்டிய பூனையை யார் எடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு, யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற பதிலையும் நாமே சொல்லிக்கொள்கிறோம். அதன்பின் அந்தப் பூனை கூண்டிலேயே மெலிகிறது. அல்லது பிடித்த இடத்திலேயே திரும்ப விடப்படுகிறது. அல்லது கருணைக்கொலைக்குப் போகிறது. இன்சுலின் தேவைப்படும் பூனையைத் தெருவில் விடுவதும் அதைச் சாகவிடுவதும் ஒன்றுதான்.

என் வேண்டுகோள் இதுதான். இத்தகைய பூனைக்குத் தற்காலிக வீடு தேடும்போது, பூனைப் பிரியர்களின் பட்டியலோடு நின்றுவிடாமல், வீட்டில் ஒருவருக்கு நாள்தோறும் இன்சுலின் போட்டுப் பழகிய குடும்பங்களையும் தேடிச் சென்று கேளுங்கள். அப்படிப்பட்ட குடும்பங்கள் நம் தெருக்களில் நிறைய இருக்கின்றன. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்வது இன்று நமக்குப் பழகிப்போன செய்தி. குளிர்பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் இன்சுலின் குப்பி இருக்கும் வீட்டில் ஊசியைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. வேளை தவறக் கூடாது என்பதும், ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வரும் என்பதும், குளுக்கோமீட்டரில் எந்த எண்ணைக் கண்டால் பதற வேண்டும் என்பதும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். பூனை வளர்த்தவருக்கு ஊசியைக் கற்றுக்கொடுப்பதைவிட, ஊசி பழகியவருக்குப் பூனையைக் கற்றுக்கொடுப்பது எளிது என்பதை நான் கண்கூடாகக் கண்டேன்.

இப்போது என் பராமரிப்பில் இருக்கும் ஆண் பூனையை நாங்கள் செவலை என்று அழைக்கிறோம். வாடகைக்கு இருந்த குடும்பம் பெங்களூருவுக்குக் குடிபெயர்ந்தபோது விட்டுச்சென்ற பூனை அது. கருத்தடை செய்யப்பட்டு, வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, ஒரு காலத்தில் நன்றாகக் கொழுத்திருந்தது என்பது அதன் வயிற்றில் தொங்கிய தோலிலேயே தெரிந்தது. தட்டு நிறைய வைத்ததைத் தின்று தீர்த்தும் முதுகெலும்பு நாளுக்கு நாள் துருத்திக்கொண்டு வந்தது. கிண்ணத்துத் தண்ணீரைக் காலி செய்துவிட்டு, குளியலறை வாளியின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி நின்று குடித்தது. நடக்கும்போது பின்னங்கால்கள் விரல்களில் நிற்காமல், குதிகால் வரை சிமெண்ட் தரையில் படிந்து படிந்து நகர்ந்தன. மணல் தட்டின் ஓரத்தில் சிந்தியிருந்த சிறுநீரை நோக்கி எறும்புகள் சாரை கட்டியிருந்ததைக் கண்டு முதலில் நோயைச் சொன்னவர், பல ஆண்டுகளாகத் தமக்குத் தாமே இன்சுலின் போட்டுக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மா. “எறும்பு மொய்க்குது பாரு கண்ணு, இதுக்கும் சக்கரையாத்தான் இருக்கும்” என்றார். மருத்துவர் சோதித்து உறுதிசெய்தது அதற்குப் பிறகுதான்.

அந்த அம்மா கண்டுபிடித்ததில் வியப்படைய ஒன்றுமில்லை. மனிதருக்கு வருவதும் பூனைக்கு வருவதும் நெருங்கிய உறவுள்ள நோய்கள். மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவைப் போலவே, பூனையிலும் உடல் இன்சுலினுக்கு மசிய மறுக்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களும் மெல்ல மெல்ல ஓய்ந்துபோகின்றன. நடுவயதைக் கடந்த, எடை கூடிய, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளுக்கு வாய்ப்பு அதிகம். இரத்தச் சர்க்கரை மனிதருக்கு ஏறத்தாழ 180-ஐத் தாண்டும்போது சிறுநீரில் இறங்குகிறது என்றால், பூனைக்கு அந்த எல்லை 250-ஐ ஒட்டி இருக்கிறது. ஆகவே அறிகுறிகள் கண்ணில் படும் நேரத்தில் நோய் நன்றாகவே முற்றியிருக்கும். பின்னங்கால் தரையில் படிந்து நடப்பது நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளில் அது படிப்படியாகச் சரியாகிவிடுகிறது. கால் செயலிழந்த பூனை என்று முடிவு கட்டும் முன் இரத்தத்தைச் சோதித்துவிடுங்கள்.

இங்கே உங்கள் கையிலேயே இருக்கும் ஒரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். ஈறும் நாக்கும் புண்ணாகி உமிழ்நீர் வடிய வரும் பூனைக்கும், சொறிந்து சொறிந்து முடி கொட்டிய பூனைக்கும், பல வாரங்கள் உடலில் தங்கி வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போடப்படுவதுண்டு. ஒரே ஊசியில் பூனை தெளிந்துவிடுவதால் மீட்பவருக்கும் நிம்மதி. அடிக்கடி பிடிக்க முடியாத தெருப் பூனைக்குச் சில வேளைகளில் வேறு வழியும் இருப்பதில்லை. ஆனால் அந்த ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவது, நோய்க்கு இடம் கொடுக்கும் உடலில் சர்க்கரையைக் கிளப்பிவிடக் கூடியது. எந்தப் பூனைக்கு எப்போது என்ன ஊசி போடப்பட்டது என்பதைக் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் அந்தக் குறிப்பைக் காட்டி, வேறு சிகிச்சை உண்டா என்று மரியாதையோடு கேளுங்கள்.

பரிசோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பென்னாகரத்திலோ அரூரிலோ பிடித்த பூனையைக் கூடையில் அடைத்து, பேருந்தின் இரைச்சலில் கொண்டுவந்து, நாய்கள் குரைக்கும் மருத்துவமனையில் மேசைமீது கிடத்தி இரத்தம் எடுத்தால், நோயே இல்லாத பூனைக்கும் சர்க்கரை 300-ஐத் தாண்டலாம். பயத்தினால் மட்டுமே இப்படி ஏறுவது பூனைகளின் இயல்பு. ஒரே ஓர் எண்ணை வைத்து நோயாளி என்று முத்திரை குத்திவிடக் கூடாது. கடந்த ஒன்றிரண்டு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும் ஃபிரக்டோசமைன் என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. உள்ளூர் ஆய்வகத்தில் வசதி இல்லையென்றால் சேலத்துக்கோ பெங்களூருவுக்கோ மாதிரியை அனுப்பிப் பார்க்கலாம். அதற்கும் வழி இல்லாதபோது, பூனையை அமைதியான அறையில் விட்டு, பயம் தெளிந்தபின் சிறுநீரைப் பட்டைச் சோதனையில் பார்ப்பதே பெரிய உதவியாக இருக்கும். தாகமும் எடைக் குறைவும் சிறுநீரகக் கோளாறிலும் தைராய்டு மிகையிலும் வரக்கூடியவை என்பதால், அவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ஊசிக்கு வருகிறேன். கேட்பவரை முதலில் மிரட்டுவதும் அதுதான். பழகியபின் எல்லாவற்றிலும் எளிதாகத் தெரிவதும் அதுதான். பூனைக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் நாளுக்கு இரண்டு முறை இன்சுலின் போட வேண்டும். செவலையின் தட்டில் கோழிக்கறியை வைத்து, அது குனிந்து தின்னும்போது, விலாப் பக்கத்துத் தோலை இரு விரல்களால் கூடாரம்போல் தூக்கி, அந்த மடிப்பின் அடியில் ஊசியை நுழைத்து எடுத்துவிடுகிறேன். நூலிழை போன்ற அந்த ஊசி இறங்குவதற்கு அது தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. சர்க்கரை பார்ப்பதற்குத்தான் சற்றுப் பொறுமை வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் ஒற்றிச் சூடேற்றி, காதின் விளிம்பில் ஓடும் மெல்லிய இரத்தக் குழாயை ஒட்டிக் குத்தினால் கடுகளவு இரத்தம் முத்துப்போல் நிற்கும்; பட்டைக்கு அது போதும். பக்கத்து வீட்டு அம்மா ஒரே முறை பார்த்துவிட்டு மறுமுறை தாமே செய்தார். என் கை நடுங்கிய இடத்தில் அவர் கை நடுங்கவில்லை.

ஆனால் மனிதருக்குப் போட்ட பழக்கம் பூனையிடம் ஆபத்தாக முடியக்கூடிய இடங்கள் சில உண்டு. வீடு தேடிக் கொடுக்கும் நீங்கள் அவற்றைச் சொல்லிக்கொடுக்காமல் பூனையை ஒப்படைக்கக் கூடாது. முதலாவது அளவு. பெரியவர் ஒருவர் ஒரு வேளைக்கு இருபது, முப்பது யூனிட் போட்டுக்கொள்ளலாம். பூனைக்கு மருத்துவர்கள் ஒரு வேளைக்கு ஒரு யூனிட்டை ஒட்டியே தொடங்குகிறார்கள். அரை யூனிட் கூடினாலும் குறைந்தாலும் பூனைக்குப் பெரிது. அடுத்தது சிரிஞ்சு. நம் மருந்துக்கடைகளில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு. 100 யூனிட் உள்ளதும் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பின்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. பூனைகளுக்கு அதிகம் எழுதப்படும் கிளார்ஜின் என்ற இன்சுலின் பொதுவாக 100 யூனிட் செறிவில் வருகிறது. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘ஒன்று’ என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். மனிதருக்கு இந்தத் தவறு ஒரு மயக்கத்தோடு போகலாம்; நான்கு கிலோ எடையுள்ள பூனையின் உயிரை எடுத்துவிடலாம். எந்த மூடி, எந்தக் கோடு என்பதைச் சிரிஞ்சை எதிரில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்; வாயால் சொன்னால் போதாது. அரை யூனிட் கோடுகள் உள்ள சிரிஞ்சு கிடைத்தால் அதையே வாங்கிக் கொடுங்கள்.

வீட்டுக்காரரின் குப்பியிலிருந்தே பூனைக்கும் எடுத்துவிடலாம் என்ற எண்ணம் நல்ல மனதில்தான் தோன்றும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மனிதருக்கு எழுதிய இன்சுலின் வேறு வகையாக இருக்கலாம். கலங்கலாக இருக்கும் மருந்தை உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டிக் கலக்க வேண்டும். தெளிவாக இருக்கும் கிளார்ஜினுக்கு அது தேவையில்லை. மனிதருக்கான எந்த வகையையும் குலுக்கக் கூடாது. பூனைக்கு என்று தனிக் குப்பி, தனிப் பெட்டி, அதன்மேல் பூனையின் பெயர் எழுதிய சீட்டு என்று பிரித்து வைப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. சர்க்கரை மாத்திரை உட்பட, மருத்துவர் எழுதாத எதையும் பூனைக்குக் கொடுக்கக் கூடாது என்பதோடு, காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மாத்திரைகள் நிறைந்த வீட்டில் இது அவசியம்.

சர்க்கரை தாழ்ந்துபோவதுதான் நாள்தோறும் மனதில் வைத்திருக்க வேண்டிய ஆபத்து. 60-க்குக் கீழே இறங்கும் பூனை தள்ளாடும், சுவரை வெறிக்கும், ஒளிந்துகொள்ளும், முற்றினால் வலிப்பு வரும். விழிப்போடு இருந்தால் உடனே உணவு வைக்க வேண்டும். தின்ன முடியாத நிலையில் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலால் ஈறில் தடவிவிட்டு மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். மயங்கிய பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனையின் இரத்தத்தில் உண்மை அளவைவிடச் சற்றுக் குறைத்தே காட்டுவது வழக்கம். ஆகவே தினமும் ஒரே கருவியில் பார்த்து, ஏற்ற இறக்கத்தைக் குறித்து, மருத்துவரிடம் அந்தக் கருவியின் பெயரையும் சொல்ல வேண்டும். பூனை சாப்பிட மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ வழக்கமான அளவைக் கண்ணை மூடிக்கொண்டு போடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். போட்டோமா இல்லையா என்ற ஐயம் எழுந்தால் அந்த வேளையை விட்டுவிடுவது மேல். ஒரு வேளை தவறுவதைவிட இரட்டிப்பாகப் போவதே கொடிது. அதேபோல், சர்க்கரை மிகுந்த நிலையில் உண்ணாமல் சோர்ந்து வாந்தி எடுத்துக் கிடக்கும் பூனைக்கு, இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பைக் கரைக்கும்போது உண்டாகும் கீட்டோன் நஞ்சு ஏறியிருக்கலாம். அது வீட்டு வைத்தியத்துக்கு உரிய நிலை இல்லை. அன்றே மருத்துவமனை சேர்க்க வேண்டும்.

உணவு விஷயத்தில் நம் பக்கத்து வழக்கம் பூனைக்கு எதிராக இருக்கிறது. பால்சோறும் தயிர்சோறும் தவிர, கருவாட்டுக் குழம்பில் பிசைந்த களியைப் பூனைக்கு வைக்காத வீடு நம் ஊர்களில் குறைவு. சர்க்கரைக்குக் கேழ்வரகு நல்லது என்று கேட்டுப் பழகிய வீட்டில், நோயுள்ள பூனைக்கும் களியே மருந்து என்று அன்போடு உருட்டி வைப்பார்கள். பூனை மாமிசத்தை நம்பிப் பிறந்த உயிர். மாவுச்சத்தை மளமளவென்று கையாளும் ஏற்பாடு அதன் ஈரலில் இல்லை. அரிசியானாலும் கேழ்வரகானாலும் கடையில் வாங்கும் மலிவான உலர்தீனியானாலும் அதன் இரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும். புரதம் மிகுந்த, மாவுச்சத்து குறைந்த ஈர உணவே அதற்கு ஏற்றது. வசதியுள்ளவர்கள் டின்னில் வரும் உணவைக் கொடுக்கலாம். வேகவைத்த கோழி, மீன், முட்டை ஆகியவற்றை வைத்தும் சமாளிக்கலாம். ஆனால் வெறும் கோழி நெஞ்சுக்கறியே நிறைவான உணவாகிவிடாது. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயத்தசை தளர்ந்துபோகும் என்பது 1987-இலேயே அறிவியலாளர்கள் நிறுவிய உண்மை. கோழியின் இதயத்தில் அது நிறைய உண்டு என்பதால், கறிக்கடையில் ஒதுக்கிப் போடும் அந்தத் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். வேறு சத்துகள் எவை சேர்க்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் இன்சுலின் தேவையும் திடீரென்று குறையும். பழைய அளவையே தொடர்ந்து போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். உணவை மாற்றுவதற்கு முன் மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு தொல்லையை ஒருவர் ஏன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். நான் இந்த மடலை எழுதியதற்கே அதற்கான விடைதான் காரணம். மனிதருக்கு ஊசி தொடங்கிவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் ஊசிதான் என்று பார்த்துப் பழகிய நமக்கு, பூனையும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. பூனையின் கதை வேறு. விரைவாகத் தொடங்கி, உணவை மாற்றி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால், ஓய்ந்திருந்த கணைய அணுக்கள் மீண்டெழுந்து, கணிசமான பூனைகள் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்புகின்றன. கிளார்ஜினும் வீட்டுப் பரிசோதனையும் கொண்டு 55 பூனைகளைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் கண்டறியப்பட்டு ஆறு மாதத்துக்குள் இந்த முறையைத் தொடங்கிய பூனைகளில் 84 விழுக்காடும், அதற்குப் பிறகு தொடங்கியவற்றில் 35 விழுக்காடும் அந்த நிலையை எட்டின. சிறிய ஆய்வுதான், மிகுந்த அக்கறையுள்ளவர்களின் வீடுகளில் நடந்ததுதான், இன்சுலின் நின்ற பூனைக்கு நோய் மீண்டும் திரும்புவதும் உண்டு. இருந்தாலும் அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். யாராவது கிடைக்கட்டும் என்று நாம் பூனையைக் கூண்டில் வைத்துக் காத்திருக்கும் மாதங்கள், அது குணமடையக்கூடிய அதே மாதங்கள். தற்காலிக வீடு என்பது இந்த நோயில் நிரந்தர வீடு கிடைக்கும் வரையிலான ஒதுங்கிடம் மட்டுமாக இருப்பதில்லை. சிகிச்சையின் முக்கியமான பகுதியே அங்குதான் நடக்கிறது.

சில மாதங்களுக்கு மட்டும் என்று கேட்டால் கொடுக்கத் தயங்காத வீடுகள், ஆயுள் முழுதும் என்றால் கதவைச் சாத்திவிடும். ஆகவே காலத்தைச் சொல்லிக் கேளுங்கள்; சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். பூனையை ஒப்படைத்த அன்று எடுத்த படத்தோடு நம் தொடர்பு முடிந்துவிட்டால், அடுத்த முறை அந்தத் தெருவே நமக்குக் கதவு திறக்காது. அந்த வீட்டின் செலவில் இன்சுலினைவிடச் சோதனைப் பட்டைகளே கனக்கும். ஒரு வேளைக்கு ஒரு யூனிட் என்றால் மாதத்துக்கு 60 யூனிட்தான். மூன்று மில்லிலிட்டர் கிளார்ஜின் குப்பியில் 300 யூனிட் இருக்கும். திறந்த குப்பியை 28 நாளில் கைவிட வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொல்லும் கெடு. குளிர்பெட்டியிலேயே வைத்து அதற்கு மேலும் பயன்படுத்தலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். பட்டைகளுக்கோ ஒவ்வொரு நாளும் காசு. பொதுவில் திரட்டும் பணத்தில் முதல் பங்கை அதற்கு ஒதுக்குங்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோனால் வீண் என்பதால் உறைபெட்டியை ஒட்டி வைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் மின்சாரம் நீண்ட நேரம் போகும் ஊர்களில், ஈர மணலில் புதைத்த மண்பானை தற்காலிகமாக உதவும். இதையும் ஊசி பழகிய வீடுகள் நமக்கு முன்பே அறிந்திருக்கின்றன. பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். குப்பையில் கிடக்கும் ஊசி தூய்மைப் பணியாளரின் கையில்தான் ஏறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்று ஆள் வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு, ஊசி போடும் வேலையைவிடக் கடினமானது. பொங்கலுக்குச் சொந்த ஊர் போக வேண்டும், மகள் பிரசவத்துக்குத் துணை நிற்க வேண்டும், நெருங்கிய உறவில் சாவு என்றால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். அத்தகைய நாட்களில் பூனையை யார் பார்ப்பார்கள் என்பதற்கு, பூனையை ஒப்படைக்கும் நாளிலேயே பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பதில் இருக்க வேண்டும். ஒரு தாளில் இன்சுலினின் பெயர், சிரிஞ்சு மூடியின் நிறம், அளவு, நேரம், சாப்பிடாவிட்டால் செய்ய வேண்டியது, மயங்கினால் செய்ய வேண்டியது, மருத்துவரின் எண், கால்நடை அவசர உதவிக்கான 1962 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். செவலைக்கு அப்படி ஒரு தாள் இருப்பதால்தான், நான் இல்லாத நாளில் வேளை தவறாமல் எல்லாம் நடக்கிறது.

மருத்துவர்களைப் பற்றிக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. நம் மாவட்டங்களின் கால்நடை மருந்தகங்கள் மாடு, ஆடு, கோழிகளை நம்பிப் பிழைக்கும் மக்களுக்காக அமைந்தவை. ஈனமுடியாமல் தவிக்கும் பசுவும் கழிச்சல் கண்ட ஆட்டுக்குட்டிகளும் வரிசையில் நிற்கும் இடத்தில், பூனையின் சர்க்கரை நாள் முழுதும் ஏறி இறங்குவதை உட்கார்ந்து ஆராய நேரம் கிடைப்பது அரிது. வேறோர் ஊரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் செவலைக்குக் கருணைக்கொலையே நல்லது என்று சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பியபின், இன்னொரு மருத்துவரிடம் எடை, நீர் அளவு, சர்க்கரை எண்கள் எழுதிய நோட்டுப் புத்தகத்தோடு போனேன். அவர் நோட்டைப் பார்த்தபின் பேச்சே மாறியது. குறிப்புகளோடு வருபவருக்கு மருத்துவர் நேரம் ஒதுக்குவார் என்பது என் அனுபவம். சிக்கலான நிலையில், 1985 முதல் இயங்கும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், சேலம் மாவட்டம் தலைவாசலில் உள்ள கல்லூரியும் நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. கருணைக்கொலை கூடவே கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். கீட்டோன் நஞ்சு முற்றி, உறுப்புகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்து வலியில் துடிக்கும் பூனையைப் பிடித்துவைப்பது அன்பாகாது. சர்க்கரை நோய் என்ற பெயர் மட்டுமே அதற்குக் காரணமாகக் கூடாது என்பதுதான் என் நிலை.

இந்த மருந்து நமக்குக் கிடைத்த வரலாற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். 1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டறிந்தது நாய்களின் உடலில் செய்த சோதனைகளில். அதன்பின் பல பத்தாண்டுகள் மனிதருக்குப் போட்ட இன்சுலின், மாடுகளின், பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தது. நம் வீட்டுப் பெரியவர்களை வாழவைத்திருக்கும் அந்தத் துளியில் ஒரு யூனிட்டைப் பூனைக்குத் தருவது மிகையான செலவு என்று யாரேனும் சொன்னால், எனக்கு ஏற்க முடிவதில்லை.

வளர்த்தவர்களிடமும் ஒரு பேச்சு பேசிப் பாருங்கள். பட்டினியும் தாகமும் நேரும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம்தான். ஆனால் முதல் முறைக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த முடியாது. பூனைக்குச் சர்க்கரை என்று தெரிந்த வீட்டில் முதலில் எழுவது வெறுப்பு இல்லை. இதை நம்மால் செய்ய முடியுமா என்ற கலக்கம். அந்த வாரத்திலேயே ஒருவர் போய் உட்கார்ந்து ஊசி போடக் கற்றுக்கொடுத்து, முதல் மாதத்துப் பட்டைகளையும் வாங்கிக் கொடுத்துவிட்டால், கைவிடப்படவிருந்த பூனை தன் வீட்டிலேயே இருந்துவிடும்.

செவலையின் பின்னங்கால்கள் இப்போது பெரும்பாலும் விரல்களில் நிற்கின்றன; வாளியில் ஏறிக் குடிப்பது நின்றுவிட்டது; இன்சுலின் அளவை மருத்துவர் ஒரு முறை குறைத்திருக்கிறார். அதற்கு நிரந்தர வீடு கேட்டு நீங்கள் அறிவிப்பு எழுதும்போது, நோயின் பெயரைக் கடைசி வரியில் ஒளித்துவைக்காமல் முதல் வரியிலேயே எழுதுங்கள். தெரியாமல் எடுத்துத் திருப்பிக் கொடுப்பவரைவிட, தெரிந்து எடுப்பவர் தாமதமாக வந்தாலும் போதும். அதுவரை என்னிடமே இருக்கும்.

பக்கத்து வீட்டு அம்மா, சர்க்கரை நோயுள்ள ஒரு பூனையைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். காரிமங்கலத்திலுள்ள மகன் வீட்டுக்குப் போகும் நாட்களில் வேறு யார் ஊசி போடுவார்கள் என்று எழுதித் தர வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அந்த நாட்களை நான் ஏற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் கூண்டுகளில் காத்திருக்கும் பூனைகளில், நோய் மிக அண்மையில் கண்டறியப்பட்டதை முதலில் அனுப்புங்கள். அதன் பரிசோதனை முடிவுகளையும் இதுவரை போட்ட மருந்துகளின் விவரத்தையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
செவலையைப் பராமரித்துவரும்
தருமபுரிவாசி ஒருத்தி